மஸ்டாங்கின் பின்பக்கம்: சாலிட் ஆக்சிலா, தனிச் சஸ்பென்ஷனா? தேர்ந்தெடுக்கவும் சரிசெய்யவும் ஒரு முழுமையான வழிகாட்டி

தன் வேகக் காரான மஸ்டாங்கின் கோப்ரா என்ற வகையில் ஃபோர்ட் நிறுவனம் 1999-ஆம் ஆண்டு, 1964 முதல் அந்தக் காரின் எல்லா வடிவங்களிலும் இருந்துவந்த ஒரே துண்டான பின் ஆக்சிலை (சாலிட் ஆக்சில்) எடுத்துவிட்டு, இரண்டு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷனை வைத்தது. வளைவுகளில் விரட்டுகிறவர்கள் மகிழ்ந்தார்கள். கால் மைல் டிராக் (drag) பந்தயம், அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் பந்தயம், ஓட்டுகிறவர்களில் பலரோ, காசு கொடுத்து வாங்கிய புதிய அமைப்பைக் கழற்றிவிட்டுப் பழைய ஆக்சிலையே மீண்டும் மாட்டினார்கள். ஒரே காரை ஓட்டிய இரு சாராரும் தத்தம் வேலைக்குச் சரியானதையே செய்தார்கள் என்பது என் கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. உங்கள் காரின் பின்பக்கத்துக்கு எந்த வேலை வரப்போகிறது, அந்த வேலைக்கு இருக்கிற அமைப்பை எப்படித் தயார்படுத்துவது, எப்போது மாற்றலாம் என்பவற்றைப் படிப்படியாகச் சொல்கிறது. இரண்டு அமைப்புகளையும் நெடுங்காலம் சுமந்த கார் என்பதால், மஸ்டாங்கையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: காரின் அடியில் இருப்பதை அடையாளம் காணுங்கள்

சாலிட் ஆக்சிலில் டிஃப்ரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி), அதன் இருபுறக் குழாய்கள், சக்கரங்கள் எல்லாம் ஒரே விறைப்பான துண்டு. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். நம் ஊர் லாரியின் பின்பக்கம் குனிந்து பார்த்தவர்கள் அனைவரும் இதைப் பார்த்திருப்பார்கள். கமான் பட்டைமேல் குறுக்கே கிடக்கும் அந்த இரும்புதான். தனிச் சஸ்பென்ஷனில் டிஃப்ரன்ஷியல் காரின் உடலோடு, பெரும்பாலும் ஒரு துணைச் சட்டத்தின் வழியே, பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து இருபுறமும் ஜாயிண்டுகள் கொண்ட அரை ஷாஃப்டுகள் சக்கரங்களுக்குப் போகும்.

மஸ்டாங்கில் ஆண்டை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். 1978 வரை கமான் பட்டைகளோடு கூடிய சாலிட் ஆக்சில். 1979 முதல் சுருள் ஸ்பிரிங்கும் நான்கு இணைப்புத் தண்டுகளும் கொண்ட சாலிட் ஆக்சில். 2005 முதல் 2014 வரை மூன்று நீளவாட்டுத் தண்டுகளும் ஒரு பான்ஹார்ட் தண்டும் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குத் தண்டு) தாங்கும் சாலிட் ஆக்சில். 2015 முதல் எல்லா மாடல்களிலும் தனிச் சஸ்பென்ஷன். இடையில் 1999 முதல் 2004 வரை வந்த கோப்ராக்கள் மட்டும் விதிவிலக்கு. இந்தியாவில் ஃபோர்ட் நேரடியாக மஸ்டாங்கை விற்கத் தொடங்கியது 2016-இல்தான் என்பதால், அவ்வழியே இங்கு வந்தவை அனைத்தும் தனிச் சஸ்பென்ஷன் கொண்டவையே.

இரண்டுக்கும் நடுவே டி டியோன் என்ற மூன்றாவது வகையும் உண்டு. சக்கரங்களை ஒரு குழாய் இணைத்திருக்கும், ஆனால் டிஃப்ரன்ஷியல் உடலோடு சேர்ந்திருக்கும். 1972-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ ஆல்ஃபெட்டா இதற்கு நல்ல உதாரணம். மஸ்டாங் உரிமையாளருக்கு இது தேவைப்படாது என்பதால் இதோடு விடுகிறேன்.

படி 2: டயருக்கு என்ன நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகப் பாகங்கள் வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம். பணம் வீணாவதும் இங்கேதான்.

முதலாவது, ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை. சாலிட் ஆக்சிலில் டிஃப்ரன்ஷியலின் முழு எடையும் சக்கரங்களோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. சாலை கரடுமுரடாக இருந்தால், அந்த எடையைக் கட்டுப்படுத்த ஷாக் அப்சார்பர் திணறுகிறது, டயர் தரையை விட்டு எழும்புகிறது. 1999 கோப்ராவின் தனிச் சஸ்பென்ஷன் மொத்த எடையில் பழைய ஆக்சிலைவிடச் சுமார் 36 கிலோ கூடுதல். ஆனால் ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்த எடை சுமார் 57 கிலோ குறைந்தது. கார் கனத்தது, சக்கரம் இலகுவானது. மேடுபள்ளம் நிறைந்த வளைவில் இதன் பயன் உடனே தெரியும். வழுவழுப்பான பந்தயத் தடத்தில் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டாவது, டயர் தரையில் படியும் கோணம், அதாவது கேம்பர். வளைவில் காரின் உடல் சாய்ந்தாலும் சாலிட் ஆக்சிலின் சக்கரங்கள் தரைக்குச் செங்குத்தாகவே நிற்கும். இது அந்த அமைப்பின் பேசப்படாத பலம். தனிச் சஸ்பென்ஷனில் உடலோடு சக்கரமும் சாயப் பார்க்கும். தண்டுகளின் நீளத்தையும் கோணத்தையும் வைத்து வடிவமைப்பாளர் அதை ஈடுசெய்ய வேண்டும். நேராகப் பாயும்போது நிலைமை இன்னும் தெளிவு. பின்பக்கம் அமுங்குகையில் தனிச் சஸ்பென்ஷனின் சக்கரங்கள் மேல்புறம் உள்நோக்கிச் சாய்ந்து, அகலமான டயரின் உள்விளிம்பில் சுமை குவியும். சாலிட் ஆக்சிலில் டயரின் முழு அகலமும் தரையில் படிந்திருக்கும். டிராக் பந்தயக்காரர்கள் அதை விடாமல் பிடித்திருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மூன்றாவது, எஞ்சின் தரும் முறுக்கு எங்கே போய்ச் சேர்கிறது என்பது. சாலிட் ஆக்சிலில் எஞ்சின் பக்கமிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃப்ரன்ஷியலின் முன்முனையில் உள்ள பினியன் என்ற சிறு பற்சக்கரத்தைச் சுழற்றும்போது ஆக்சிலையே நீளவாட்டு அச்சில் திருக முயல்கிறது. இடப்பக்கச் சக்கரம் தரையில் அழுந்தும், வலப்பக்கச் சக்கரம் இலகுவாகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் 500 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியர் விகிதம் 3.66 என்றால், புரொப்பெல்லர் ஷாஃப்டில் 1,830 நியூட்டன் மீட்டர். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.6 மீட்டர் என்றால், வலப்பக்கச் சக்கரத்திலிருந்து இடப்பக்கத்துக்கு ஏறத்தாழ 115 கிலோ அளவுக்குச் சுமை இடம்மாறும். எஞ்சினின் எதிர்வினையால் காரின் உடல் வலப்பக்கம் சாய்வதால், பின் ஸ்பிரிங்குகள் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். மிச்சமே போதும், பழைய மஸ்டாங்குகள் வலது பின் டயரை மட்டும் புகைய விட்டதற்கு. தனிச் சஸ்பென்ஷனில் டிஃப்ரன்ஷியல் உடலோடு பொருந்தியிருப்பதால் இந்தத் திருகல் சக்கரங்களுக்கு நேராகப் போவதில்லை.

நான்காவது, சக்கரத் துள்ளல். பட்டறைகளிலும் பந்தயத் திடல்களிலும் ‘வீல் ஹாப்’ என்றே சொல்வார்கள். டயர் தரையைப் பிடிக்கிறது, வழுக்குகிறது, மீண்டும் பிடிக்கிறது. அந்தத் தாளத்துக்கு, இணைப்புகளில் மெத்தைபோல் இருக்கும் ரப்பர் புஷ்களும் அரை ஷாஃப்டுகளும் முறுக்கேறி விடுபடுவதால் பின்பக்கம் சம்மட்டி அடிப்பதுபோல் அதிரும். இரண்டு அமைப்புகளிலும் இது வரும். கமான் பட்டையில் ஆக்சில் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளப் பார்ப்பதால் பட்டை ‘எஸ்’ எழுத்துப்போல் வளைந்து அதிரும். தனிச் சஸ்பென்ஷனில் துணைச் சட்டத்தின் மென்மையான புஷ்களிலிருந்து தொடங்கும். அரை ஷாஃப்டை உடைக்கும் காரணங்களில், வெறும் குதிரைத்திறனைவிடத் துள்ளலுக்கே முதலிடம் தருவேன்.

படி 3: காரின் வேலையை நேர்மையாக எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில், கடந்த ஓராண்டில் கார் உண்மையில் ஓடிய இடங்களை எழுதுங்கள். ஓட ஆசைப்பட்ட இடங்களை அல்ல. தினசரிச் சாலை, மலைப்பாதை, வளைவுகள் நிறைந்த பந்தயத் தடம், கால் மைல் ஓட்டம் ஆகிய நான்கில் எது முதலிடம் என்பது தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். கரடுமுரடான சாலைக்கும் மலைப்பாதைக்கும் தனிச் சஸ்பென்ஷன்தான். கால் மைலுக்கு சாலிட் ஆக்சில். 2015-க்குப் பிறகு சாலையில் ஓடும் மஸ்டாங் அனைத்தும் தனிச் சஸ்பென்ஷனுக்கு மாறிய நிலையிலும், ஃபோர்ட் டிராக் பந்தயத்துக்காகவே செய்த கோப்ரா ஜெட் மஸ்டாங்கில், 9 அங்குல விட்டமுள்ள பற்சக்கரம் கொண்ட சாலிட் ஆக்சிலையே வைத்தது.

குழப்பம் வருவது பந்தயத் தடத்தில்தான். 2012-இல் வந்த மஸ்டாங் பாஸ் 302, சாலிட் ஆக்சிலோடும் 444 குதிரைத்திறனோடும் தடங்களில் நல்ல பெயர் வாங்கியது. அதன் ஷாக் அப்சார்பர்களை ஐந்து நிலைகளில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் திருகிச் சரிசெய்யலாம். நன்றாகக் கட்டுப்படுத்தப்பட்ட பழைய அமைப்பு, அரைகுறையாகக் கட்டுப்படுத்தப்பட்ட புதிய அமைப்பை வெல்லும் என்பதற்கு அந்தக் காரையே காட்டுவேன். அதே நேரம் காலத்தின் போக்கையும் மறைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் வி8 சூப்பர்கார்ஸ் 2013-இலும், அமெரிக்காவின் நாஸ்கார் கோப்பைத் தொடர் 2022-இலும் சாலிட் ஆக்சிலைக் கைவிட்டன. ஜெனரல் மோட்டார்ஸின் வேகக் காரான கார்வெட்டோ 1963-ஆம் ஆண்டிலேயே மாறிவிட்டது.

படி 4: சாலிட் ஆக்சில் இருந்தால், அதை நான்கு திசைகளிலும் பிடித்து நிறுத்துங்கள்

ஆக்சிலைக் குறை சொல்வதற்கு முன் அதைத் தாங்கும் தண்டுகளையும் புஷ்களையும் பாருங்கள். வெடித்த ரப்பர், தளர்ந்த போல்ட், வளைந்த தண்டு ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். இதில் குறை இருக்க, மற்ற எந்த மேம்பாடும் பலன் தராது.

குறுக்குவாட்டுப் பிடிமானத்துக்கு வருவோம். 2005 முதல் 2014 வரையிலான மஸ்டாங்கில் பான்ஹார்ட் தண்டின் ஒரு முனை ஆக்சிலிலும் மறுமுனை உடலிலும் பொருந்தியிருக்கும். அது வட்டவில்லில் நகர்வதால் ஆக்சில் பக்கவாட்டில் அலைகிறது என்பது பரவலான குற்றச்சாட்டு. கணக்கு வேறு சொல்கிறது. ஒரு மீட்டர் நீளத் தண்டு, கிடைமட்டத்திலிருந்து 50 மில்லிமீட்டர் நகர்ந்தால், பக்கவாட்டு அசைவு 1.25 மில்லிமீட்டர் மட்டுமே. 100 மில்லிமீட்டர் நகர்ந்தால் சுமார் 5 மில்லிமீட்டர். ஆகவே காரைத் தாழ்த்தாதவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. தாழ்த்தியவர்களுக்கோ ஆக்சில் நிரந்தரமாக ஒருபுறம் தள்ளி நிற்கும் என்பதால், நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய தண்டு ஒன்றை மாட்டி, இருபுறமும் டயருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியைச் சமமாக்க வேண்டும். பான்ஹார்ட் தண்டுக்குப் பதிலாக, நடுவே சுழலும் துண்டோடு இரு தண்டுகளைக் கொண்ட வாட்ஸ் இணைப்பு ஆக்சிலை நேர்கோட்டில் ஏறி இறங்கச் செய்யும். இடது வளைவிலும் வலது வளைவிலும் காரின் நடத்தை ஒரே மாதிரி இருக்கும். தடத்தில் அடிக்கடி ஓட்டுகிறவர் மட்டும் அந்தச் செலவைச் செய்யலாம்.

நீளவாட்டுப் பிடிமானத்தில் கவனிக்க வேண்டியது கீழ்த் தண்டுகளின் சாய்வு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால், கீழ்த் தண்டின் முன்முனை பின்முனையைவிடச் சற்று உயரமாகவோ, குறைந்தது மட்டமாகவோ இருக்க வேண்டும். அப்படியிருந்தால் சக்கரம் முன்னோக்கித் தள்ளும் விசையின் ஒரு பங்கு உடலை மேலே தூக்கி, அதன் எதிர்வினையாக டயரைத் தரையில் அழுத்தும். காரைத் தாழ்த்தும்போது முன்முனை கீழே இறங்கி இந்தச் சாய்வு தலைகீழாகிறது. ‘ஸ்பிரிங் மாற்றிய பிறகு துள்ளுகிறது’ என்று வருந்துகிறவர்களின் காரில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. ஆக்சில் பக்கத்து முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட்டுகள் இதற்கென்றே கிடைக்கின்றன. 1979 முதல் 2004 வரையிலான கார்களில் வேறொரு தொல்லை உண்டு. மேல்தண்டுகள் இரண்டும் சாய்வாக வைக்கப்பட்டு நீளவாட்டு வேலை, குறுக்குவாட்டு வேலை இரண்டையும் ஒருங்கே செய்வதால், உடல் சாயும்போது அவை ஒன்றோடொன்று மல்லுக்கட்டிச் சிக்கிக்கொள்ளும். அங்கே கடினமான புஷ்களை எல்லா முனைகளிலும் போடுவது சிக்கலைக் கூட்டும். தடத்துக்கென்றால், ஆக்சில் திருகாமல் பிடிக்கும் நீண்ட கையான டார்க் ஆர்ம் ஒன்றும் பான்ஹார்ட் தண்டும் சேர்ப்பதே தீர்வு.

அடுத்து பினியன் கோணம். காரைச் சக்கரங்கள்மேல் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுநரின் எடையையும் வைத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் பினியனுக்கும் உள்ள கோணத்தை அளவிட வேண்டும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும் நிலையில் எடுத்த அளவுக்குப் பொருளில்லை. சுமை ஏறும்போது பினியனின் மூக்கு மேலே எழும் என்பதால் நிற்கும் நிலையில் அது சற்றுக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தண்டுகள் தாங்கும் ஆக்சிலுக்கு 1 முதல் 2 பாகை நல்ல தொடக்கம்; முறுக்கேறும் கமான் பட்டைக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்.

கால் மைல் ஓட்டுகிறவர்கள், மேலே சொன்ன வலப்பக்கச் சக்கரச் சிக்கலைச் சமாளிக்க, பின்பக்க ஆன்டி-ரோல் பாரில் (உடல் சாய்வதைக் குறைக்கும் முறுக்குத் தண்டு) முன்கூட்டியே சிறிது முறுக்கு வைப்பார்கள், அல்லது வலது பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை ஒன்றை வைத்து ஊதிக்கொள்வார்கள். எளிமையும் மலிவும் கொண்ட வழி அது. சாலைக்கு வரும்போது காற்றை இறக்க மறக்கக் கூடாது.

படி 5: தனிச் சஸ்பென்ஷன் இருந்தால், முதலில் துணைச் சட்டத்தை அசையாமல் நிறுத்துங்கள்

இங்கே வேலையின் வரிசை முக்கியம். முதலில் துணைச் சட்டம், பிறகு டிஃப்ரன்ஷியலைத் தாங்கும் புஷ்கள், அதன்பின் தண்டுகள், கடைசியாக அரை ஷாஃப்டுகள். உடையும் பொருள் அரை ஷாஃப்ட் என்பதால் அதையே முதலில் மாற்றத் தோன்றும். சட்டம் ஆடிக்கொண்டிருந்தால் பலமான ஷாஃப்டும் துள்ளலைத் தாங்க நேரும். உடைவது அடுத்த பாகத்துக்கு நகரும், அவ்வளவுதான். 1999 முதல் 2004 வரையிலான கோப்ராவில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். சாலிட் ஆக்சில் பொருந்திய அதே இடங்களில் மாட்டும்படி அதன் தனிச் சஸ்பென்ஷன் செய்யப்பட்டதால், வடிவமைப்பாளர்களுக்குக் கைகட்டு இருந்தது. 2003-இல் சூப்பர்சார்ஜரோடு 390 குதிரைத்திறன் வந்தபோது மென்மையான புஷ்களின் குறை வெளிப்பட்டது.

2015 மஸ்டாங்கின் அமைப்பு வேறு தரம். அகலமான கீழ்க்கையையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் ஒரு சிறிய நிமிர்ந்த தண்டு இணைக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வரும் திருகலை அது வாங்கிக்கொள்வதால், சாலை அதிர்வைத் தணிக்க முன்புற புஷ்ஷை மென்மையாக வைத்தும் சக்கரத்தின் நிலை குலைவதில்லை. இந்தக் காரில் துணைச் சட்டத்துக்கான பிரேசுகளும் புஷ்களுக்குள் செருகும் கடினமான துண்டுகளும் கிடைக்கின்றன. சாலையில் ஓடும் காருக்கு அவை இரண்டும் போதும். புஷ்களை எடுத்துவிட்டு அலுமினியத்தை வைத்தால் பிடிமானம் இன்னும் கூடும். ஆனால் டிஃப்ரன்ஷியலின் முனகல் முழுவதும் காருக்குள் கேட்கும், நீண்ட பயணத்தில் அது பெரும் தலைவலி. ஜெனரல் மோட்டார்ஸ் தன் வேகக் கார்கள் சிலவற்றில் இடப்பக்க ஷாஃப்டையும் வலப்பக்க ஷாஃப்டையும் வெவ்வேறு தடிமனில் செய்தது. இரண்டும் ஒரே தாளத்தில் முறுக்கேறி விடுபடாததால் துள்ளல் வலுப்பெறுவதில்லை.

சக்கரக் கோணங்களைச் சரிசெய்ய முடிவது தனிச் சஸ்பென்ஷனின் பெரிய வசதி, சரிசெய்யாமல் விட்டால் அதுவே அதன் பலவீனம். சாலைக்கும் எப்போதாவது தடத்துக்கும் போகும் காருக்குப் பின்பக்கம் 1 முதல் 1.5 பாகை வரை எதிர்க் கேம்பரும் (சக்கரத்தின் மேல்புறம் உள்நோக்கிச் சாய்வது), இரு சக்கரங்களும் மிகச் சிறிதளவு உள்நோக்கிப் பார்க்கும் டோ-இன்னும் நல்ல தொடக்கம். டோ வெளிநோக்கிப் போய்விட்டால், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வால் வெளியே ஓடும். அனுபவம் குறைந்த ஓட்டுநருக்கு அது ஆபத்து.

இரண்டு அமைப்புக்கும் பொதுவாக ஒன்று. ரப்பர் புஷ் கொண்ட எந்தத் தண்டின் போல்ட்டையும் காரின் எடை சக்கரங்கள்மேல் இருக்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், கார் கீழே இறங்கியதுமே ரப்பர் திருகி நிற்கும், சில மாதங்களில் கிழியும்.

படி 6: உணர்வை நம்பாமல் அளந்து பாருங்கள்

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே தடத்தில், ஒரே டயர் காற்றழுத்தத்தில் ஓட்டிவிட்டு, டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் வெப்பத்தை ஊசிமுனை வெப்பமானியால் குறித்துக்கொள்ளுங்கள். உள்விளிம்பு மிகச் சூடாக இருந்தால் எதிர்க் கேம்பர் கூடிவிட்டது. சாலிட் ஆக்சிலிலும் இந்த அளவீடு உதவும். அங்கே கோணத்தை மாற்ற முடியாவிட்டாலும் காற்றழுத்தத்தை மாற்றலாம். துள்ளல் இருந்தால் கைப்பேசியை ஃபெண்டருக்கு எதிரே வைத்து மெதுவேகக் காட்சியாகப் படமெடுங்கள். துள்ளுவது எந்தச் சக்கரம், எந்தக் கணத்தில் என்பது அதில் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான்.

படி 7: மாற்றுவதென்று முடிவெடுத்தால்

மேற்கண்ட படிகளுக்குப் பிறகும் காரின் வேலைக்கும் அமைப்புக்கும் ஒத்துவரவில்லை என்றால் மட்டுமே இந்தப் படிக்கு வர வேண்டும். 1979 முதல் 2004 வரையிலான மஸ்டாங்கில் கோப்ராவின் தனிச் சஸ்பென்ஷனை ஏற்றுவதும், கோப்ராவில் சாலிட் ஆக்சிலை ஏற்றுவதும் பொருந்தும் இடங்கள் ஒன்றே என்பதால் நடைமுறையில் செய்யக்கூடியவை. 2015-க்குப் பிந்தைய காரில் அப்படியல்ல. சாலிட் ஆக்சில் வைக்க அதற்கென்றே செய்த முழுத் தொகுதி தேவை, வெட்டி வெல்டிங் செய்யும் வேலையும் வரலாம். எந்தத் திசையில் மாறினாலும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம், கிரவுன்-பினியன் விகிதம், ஏபிஎஸ் சென்சார்கள், கைப்பிரேக் கேபிள், சைலன்சர் குழாய் போகும் வழி ஆகிய ஐந்தையும் பாகங்கள் வாங்குவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன குழாய்தான் பெரும்பாலானோர் மறப்பது. சாலிட் ஆக்சில் ஏறி இறங்கத் தலைக்கு மேலே இடம் கேட்கும். தனிச் சஸ்பென்ஷனுக்காக வளைத்த குழாய் அந்த இடத்தில்தான் நிற்கும்.

கோப்ராவிலிருந்து கழற்றிய தனிச் சஸ்பென்ஷனை அரை ஷாஃப்ட், பிரேக், போல்ட் உட்பட முழுமையாகத் துணியில் சுற்றி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். அந்தக் கார் அளவான எண்ணிக்கையிலேயே செய்யப்பட்டது. ஒருநாள் விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது அதன் அடிப்பக்கத்தைத்தான்.